சீனக் குடும்பங்களில் அறிவுத்திறன் குறைபாடுடையோரின் பாலியல் நலம்

பாலியல் நலம் என்பது நோயின்மை மட்டும் அன்று. தம் உடலை அறிதல், அன்பு கொள்ளுதல், விரும்பாத தொடுகையை மறுத்தல் ஆகியனவும் அதில் அடங்கும். அறிவுத்திறன் குறைபாடுடைய வளர்ந்தோருக்கும் இது பொருந்தும். சீனாவில் 2006 ஆம் ஆண்டின் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு இத்தகையோர் ஏறத்தாழ 55 இலட்சம் பேர் என மதிப்பிட்டது. இவர்களுட் பெரும்பாலோர் குடும்பத்தாரின் பராமரிப்பில் வாழ்கின்றனர். ஆகவே அவர்களது பாலியல் வாழ்வைப் பெரும்பாலும் பெற்றோரே தீர்மானிக்கின்றனர்.

குடும்பத்தின் பங்கு

சீன மரபில் குடிவழி தொடர்தல் பிள்ளைக்குரிய கடமையாகக் கருதப்படுகிறது. "எங்களுக்குப் பின் யார் பார்த்துக்கொள்வார்?" என்ற கவலையும் பெற்றோருக்கு உண்டு. இதனால் சில குடும்பங்கள், குறிப்பாக நாட்டுப்புறத்தில், பராமரிப்பாளரைத் தேடுவது போலவே துணையைத் தேடுகின்றன. மணப்பவரின் விருப்பம் கேட்கப்படுவதில்லை. வேறு குடும்பங்களோ வளர்ந்த மகனையும் மகளையும் என்றும் குழந்தையாகவே எண்ணி, பாலியல் பற்றிப் பேசாது விடுகின்றன. இம்மௌனம் பாதுகாப்பிற்காகவே கடைப்பிடிக்கப்படுகிறது. ஆனால் உடலுறுப்புகளின் பெயரையே அறியாத ஒருவர், தமக்கு நேர்ந்த வன்முறையை எவ்வாறு எடுத்துரைப்பார்?

சட்டம்

கான்சு மாகாணம் 1988 இல் கடுமையான அறிவுத்திறன் குறைபாடுடையோர் பிள்ளை பெறுவதைத் தடை செய்தது. 1995 இல் நடைமுறைக்கு வந்த தாய் சேய் நலச் சட்டம், கடும் மரபுவழி நோய் காரணமாக மகப்பேற்றுக்குத் தகாதவர் என மருத்துவர் கருதுவோர், நீண்டகாலக் கருத்தடைக்கோ கருத்தடை அறுவைக்கோ இசைந்தாலே மணம் செய்யலாம் என்றது. ஆயினும் இக்குறைபாடு எப்போதும் பரம்பரையாக வருவதன்று. சீனாவின் உள்நாட்டு மலைப்பகுதிகளில் அயோடின் பற்றாக்குறை ஒரு முக்கிய காரணமாக இருந்தது. உப்பில் அயோடின் சேர்ப்பதை நாடெங்கும் கட்டாயமாக்கும் விதி 1994 இல்தான் வந்தது. தடை முந்தியது, உப்பு பிந்தியது.

2003 இல் திருமணத்திற்கு முந்தைய கட்டாய மருத்துவப் பரிசோதனை நடைமுறையில் கைவிடப்பட்டது. 2021 இல் நடைமுறைக்கு வந்த குடிமைச் சட்டத் தொகுப்பு, நோயை மணத்தடையாகக் கொள்ளாமல், கடும் நோயை முன்னரே தெரிவிக்கும் கடமையை மட்டும் விதித்தது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையைச் சீனா 2008 இல் ஏற்றது. மணத்துக்கும் குடும்பத்துக்குமான உரிமை அதில் உண்டு.

கடும் குறைபாடுடைய பெண்ணுக்கு இசைவு அளிக்கும் ஆற்றல் இல்லை என்பதை அறிந்தே ஒருவர் உறவு கொண்டால், அவள் எதிர்க்காவிடினும் நீதிமன்றங்கள் அதை வன்புணர்வாகக் கருதுகின்றன. மிதமான குறைபாடுடையோர் நிலை வேறு. விளக்கினால் புரிந்துகொண்டு தெரிவு செய்யக்கூடியோர் இவர்களுள் பலர். அவ்விளக்கத்தை யார் அளிப்பது என்பது இன்னும் பெரும்பாலும் வீட்டாரிடமே விடப்பட்டுள்ளது.