நரம்பு வழியே ஊர்ந்து போகும் வாய்ப்புற்று! சோதனைக்கூடத்தில் 'சுவர்' வளர்த்து ஆராய்ச்சி

புதுக்கோட்டை:-

வாயில் ஒரு புண். வலி கூட அதிகம் இல்லை. "சூட்டுப் புண்ணுதான், தானா ஆறிடும்" என்று விட்டுவிடுகிறார்கள் பலர். கொஞ்ச நாளில் கீழ் உதடு மரத்துப் போகிறது. நாக்கில் ஒரு பக்கம் உணர்ச்சி இல்லை. வலியே இல்லையே என்று அதையும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

ஆனால் அந்த மரமரப்பு, புற்றுநோய் நரம்பை பிடித்துவிட்டது என்பதற்கு அடையாளமாக இருக்கலாம் என்று எச்சரிக்கிறார்கள் டாக்டர்கள்.

மூன்றாவது வழி

புற்றுநோய் ரத்தம் வழியாக பரவும். நெறி கட்டும் இடங்கள் வழியாகவும் பரவும். இது பலருக்கும் தெரியும். நரம்பை ஒட்டியே ஊர்ந்து போகும் மூன்றாவது வழியும் உண்டு. வாய், நாக்கு, தாடையில் வரும் புற்று அங்குள்ள நரம்பை பிடித்துக்கொண்டு மண்டை ஓட்டின் அடிப்பகுதி வரை கூட ஏறிவிடும்.

ஆபரேஷனில் எடுத்த சதையை மைக்ராஸ்கோப்பில் பார்க்கும்போது நரம்பில் புற்று தெரிந்தால், நோய் மறுபடி வரும் ஆபத்து அதிகம். அதனால் பலருக்கு ஆபரேஷனோடு முடியாமல் கரண்ட் வைத்தியம் எனப்படும் கதிர்வீச்சு சிகிச்சையும் தேவைப்படுகிறது.

ஒயருக்கு உறை மாதிரி

கரண்ட் ஒயருக்கு மேலே பிளாஸ்டிக் உறை இருக்கிறது அல்லவா? அது மாதிரி நரம்பு இழைக் கட்டுகளை சுற்றியும் ஒரு உறை இருக்கிறது. பெரிநியூரியம் என்று பெயர். தட்டையான செல்கள் அடுக்கு அடுக்காக, இடைவெளி இல்லாமல் ஒட்டிக்கொண்டு சுவர் போல நிற்கின்றன. கண்டதும் நரம்புக்குள் நுழையாமல் காவல் காப்பது இதுதான்.

இவ்வளவு கெட்டியான சுவரை புற்றுநோய் செல் எப்படி தாண்டுகிறது? மனிதனின் உடம்புக்குள் புகுந்து இதை நேரில் பார்க்க முடியாது. அதனால்தான் அந்த சுவரையே சோதனைக்கூடத்தில் வளர்க்கிறார்கள்.

எப்படி வளர்க்கிறார்கள்?

சிறிய நரம்புத் துண்டில் இருந்து உறை செல்களை பிரித்து எடுக்கிறார்கள். சத்து நீர் ஊற்றிய தட்டில், உடம்பு சூடான 37 டிகிரியில் வைக்கிறார்கள். செல்கள் பெருகியதும் சல்லடை போன்ற மெல்லிய தாளின் மேல் பரப்பி வளர விடுகிறார்கள். சுவர் கெட்டியாகிவிட்டதா என்று பார்க்க லேசான மின்சாரம் செலுத்துவார்கள். ஓட்டை இருந்தால் மின்சாரம் சுலபமாக கடந்துவிடும். பிறகு ஒரு பக்கம் புற்றுநோய் செல்களை விட்டு, எத்தனை செல் மறுபக்கம் போகிறது என்று எண்ணுவார்கள்.

உடம்புக்கு வெளியே நரம்பை வளர்ப்பது புதிதல்ல. 1907-ல் அமெரிக்க விஞ்ஞானி ராஸ் ஹாரிசன் தவளையின் நரம்பு இழையை கண்ணாடியில் வளர்த்துக் காட்டினார். 2001-ல் எலியின் நரம்பையும் மனித புராஸ்டேட் புற்றுநோய் செல்களையும் ஒரே தட்டில் வைத்தபோது ஆச்சரியம் காத்திருந்தது. புற்று நரம்பை நோக்கி போனது மட்டுமல்ல, நரம்பும் புற்றை நோக்கி வளர்ந்தது!

நியூயார்க் ஸ்லோன் கெட்டரிங் மையத்தினர் 2016-ல் இன்னொன்றை கண்டனர். நரம்பை பராமரிக்கும் ஷ்வான் செல்களே புற்றுநோய் செல்களை பிரித்து, வழிகாட்டி கூட்டிப்போகின்றன. வேலிக்குள் இருப்பவனே திருடனுக்கு கதவை திறந்த கதைதான்.

இந்த கூட்டை உடைக்கும் மருந்து கிடைத்தால் நரம்பு வழி பரவலை தடுக்கலாம் என்பது எதிர்பார்ப்பு. தட்டில் பலித்தது எல்லாம் உடம்பில் பலிக்காது என்பதால் இதற்கு காலம் பிடிக்கும்.

புதுக்கோட்டை மண்ணின் மகள்

தமிழ்நாட்டில் புற்றுநோய்க்கு எதிரான போராட்டத்தில் புதுக்கோட்டைக்கு தனி இடம் உண்டு. 1886-ல் இங்கு பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தன் தங்கையை புற்றுநோய்க்கு பறிகொடுத்தவர். அந்த வேதனையில் அவர் எடுத்த முயற்சிதான் 1954-ல் சென்னை அடையாறில் 12 படுக்கைகளோடு தொடங்கிய புற்றுநோய் ஆஸ்பத்திரி.

என்ன செய்யணும்?

வாய்ப்புற்றுக்கு முக்கிய காரணம் புகையிலை. "வெறும் பாக்குதானே போடறோம்" என்பதும் தப்பு. பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004-ல் அறிவித்துவிட்டது.

2 வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்பு திட்டு, வாய் திறக்க கஷ்டம், உதடு-நாக்கில் மரமரப்பு இருந்தால் உடனே அரசு ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும். முதல்-அமைச்சரின் விரிவான மருத்துவ காப்பீட்டு திட்டத்தில் புற்றுநோய் சிகிச்சையும் உண்டு. செலவுக்கு பயந்து நாள் கடத்த வேண்டாம். நரம்பை பிடிக்கும் முன்பே கண்டுபிடித்தால் சின்ன ஆபரேஷனோடு பிழைத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம்.