வாசலில் வந்து நிற்கும் வண்டி

உங்கள் வீட்டு வாசற்படியிலிருந்து பஸ் நிற்கும் இடம் எத்தனை அடி என்று எப்போதாவது எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா?

எண்ணியிருக்க மாட்டீர்கள். கால் நன்றாக இருக்கிறவர்கள் எண்ணுவதில்லை. ஆனால் உங்கள் வீட்டிலேயே ஒருவர் எண்ணி வைத்திருப்பார். முழங்கால் வலியோடு கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாளே பாட்டி, அவளைக் கேளுங்கள். "தெருமுனை வரைக்கும் இருநூறு அடி. நடுவிலே பிள்ளையார் கோவில் திண்ணையில் ஒரு தரம் உட்காரணும். அப்புறம் பஸ் படி. அந்தப் படிதான் எனக்கு மலை!" என்று ஒப்பிப்பாள். டிக்கெட் இலவசம் என்று ஆசை காட்டிப் பாருங்கள். "பஸ்ஸுக்குள்ளே இலவசம் சரி, பஸ் வரைக்கும் யார் கொண்டு விடுவார்கள்?" என்று ஒரே கேள்வியில் உங்களை மடக்கி விடுவாள்.

பாட்டியின் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் நியூயார்க் நகரம் பல வருஷங்களாகத் திண்டாடிக் கொண்டிருக்கிறது. அந்தக் கதையைக் கொஞ்சம் கேளுங்கள்.

நியூயார்க்கின் சுரங்க ரயில் 1904-ல் ஓட ஆரம்பித்தது. இன்று 472 நிலையங்கள்! இரவும் பகலும் ரயில் ஓடுகிறது. கேட்கவே பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் பூமிக்கு அடியில் இறங்குவதற்கும், தூண்களின் மேல் நிற்கும் நிலையங்களுக்கு ஏறுவதற்கும் படிகள், படிகள், படிகள்! சக்கர நாற்காலியோடு போய் வரத் தக்க நிலையங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். இதைக் குறித்து வழக்குத் தொடர்ந்தார்கள். 2022-ல் சமரசம் ஏற்பட்டது. நூற்றுக்கு 95 நிலையங்களுக்கு வசதி செய்து தருவதாக ஒப்புக் கொண்டார்கள். எப்போதைக்குள் தெரியுமா? 2055-க்குள்! அன்று ஐம்பது வயதாயிருந்தவர் அதற்குள் எண்பத்து மூன்று வயதுக் கிழவராகி விடுவார்.

அதுவரை அவர் வீட்டிலேயே முடங்கிக் கிடப்பதா? அங்கேதான் வருகிறது வாசல் வண்டி. 'அக்செஸ்-ஏ-ரைடு' என்று அதற்குப் பெயர். பஸ்ஸிலும் ரயிலிலும் போக இயலாதவர் என்று பரிசோதித்துப் பதிவு செய்து கொண்டவர்கள், முந்தின நாள் மாலை ஐந்து மணிக்குள் சொல்லி வைத்துவிட வேண்டும். மறுநாள் குறித்த வேளையில் வண்டி வீட்டைத் தேடி வரும். சக்கர நாற்காலியை அப்படியே உள்ளே ஏற்றி, உருளாமல் பட்டைகளால் கட்டுவார்கள். கட்டணம்? மற்றவர்கள் சுரங்க ரயிலுக்குக் கொடுக்கிற அதே கட்டணம்தான்.

'ஆகா, எவ்வளவு தர்ம சிந்தை!' என்று நினைக்கிறீர்களா? தர்மமும் இல்லை, தயவும் இல்லை. இது சட்டம். அந்தச் சட்டம் சும்மாவும் வந்துவிடவில்லை.

1978-ம் வருஷம் ஜூலை மாதம். டென்வர் நகரத்தின் நாற்சந்தி ஒன்றில் பத்தொன்பது பேர் பஸ்களை மறித்தார்கள். தங்கள் சக்கர நாற்காலிகளைச் சாலையில் நிறுத்தி, சிலர் நாற்காலியை விட்டு இறங்கித் தரையிலேயே படுத்து, இரவெல்லாம் அங்கேயே கிடந்தார்கள். "எங்களையும் ஏற்றிக் கொள்ளும்படி பஸ்ஸில் லிஃப்ட் வையுங்கள்" என்பதுதான் அவர்கள் கேட்டது. பன்னிரண்டு வருஷங்களுக்குப் பிறகு, 1990 மார்ச் 12-ந் தேதி, வாஷிங்டனில் பார்லிமெண்டுக் கட்டடத்தின் எதிரே ஊனமுற்றவர்கள் பலர் நாற்காலிகளையும் ஊன்றுகோல்களையும் கீழே வைத்துவிட்டு, அந்த உயரமான படிகளில் கைகளால் ஊர்ந்து ஏறினார்கள். அவர்களில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியும் இருந்தாள். அதே வருஷம் ஜூலை 26-ந் தேதி ஜனாதிபதி ஜார்ஜ் புஷ் ஊனமுற்றோருக்கான சட்டத்தில் கையெழுத்திட்டார்.

அந்தச் சட்டமும் அதன் விதிகளும் என்ன சொல்லுகின்றன? புதிதாக வாங்கும் நகர பஸ்களில் லிஃப்டோ சாய்தளமோ இருக்க வேண்டும். அப்படியும் பஸ்ஸில் போக முடியாதவருக்குத் தனி வண்டி விட வேண்டும். பஸ் செல்லும் பாதையிலிருந்து முக்கால் மைல் தூரம் வரை இந்தக் கடமை உண்டு. சாதாரணக் கட்டணத்தைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் வாங்கக் கூடாது. கைத்துணைக்கு வருகிறவருக்குக் கட்டணமே கிடையாது. இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று உண்டு. 'மாதத்துக்கு இத்தனை தடவைதான்' என்று கணக்குக் கட்டக் கூடாது. 'எதற்காகப் போகிறீர்கள்?' என்பதை வைத்து ஒருவருக்கு முன், ஒருவருக்குப் பின் என்று ஏற்றத் தாழ்வு காட்டக் கூடாது. டாக்டரைப் பார்க்கப் போனாலும் சரி, சிநேகிதியோடு சினிமா பார்க்கப் போனாலும் சரி, வண்டி வந்தே தீர வேண்டும்!

சரி, பணம்? அதுதானே கேட்கிறீர்கள்! ஒரு பஸ்ஸில் நாற்பது பேர் ஏறினால் டிரைவரின் சம்பளம் நாற்பது பங்காகிவிடுகிறது. இந்த வண்டியிலோ ஒருவர், இருவர், மிஞ்சினால் நாலைந்து பேர். அவர்கள் கொடுக்கும் கட்டணம் யானைப் பசிக்குச் சோளப்பொரி. 'வண்டி விட்டே ஆக வேண்டும்' என்று உத்தரவு போட்டது வாஷிங்டன். பில்லில் பெரும் பங்கு வந்து விழுவது உள்ளூர்க்காரர்கள் தலையில்.

நியூயார்க்கில் இதற்காக ஓயாத இழுபறி. வண்டிகளை நடத்தும் போக்குவரத்து ஸ்தாபனம் மாநிலத்தைச் சேர்ந்தது; பிரயாணம் செய்கிறவர்களோ நகரத்து ஜனங்கள். 1993-ல் நகர நிர்வாகத்திடமிருந்து இந்த ஸ்தாபனம் பொறுப்பை ஏற்றுக் கொண்டது. அப்போது, வரவு போக மிஞ்சும் செலவில் மூன்றில் ஒரு பங்கு வரை நகரம் கொடுப்பதென்று ஏற்பாடு. 2020-ல் மாநிலச் சட்டசபை அதைப் பாதியாக்கியது. 2023-ல் நூற்றுக்கு 80 என்று ஏற்றியது. நகரம் முணுமுணுத்தது, மாநிலம் கையை விரித்தது. பங்காளிச் சண்டைதான்! ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? இத்தனை சண்டைக்கு நடுவிலும் வண்டி நிற்கவில்லை. நிறுத்தச் சட்டம் இடம் கொடுக்கவில்லை.

லண்டனில் இதே உதவியை வேறு விதமாகச் செய்கிறார்கள். அங்கே 'டாக்சிகார்டு' என்று ஓர் அட்டை. அதைக் காட்டி டாக்சியில் போகலாம். ஒரு பகுதிக் கட்டணத்தை நீங்கள் கொடுத்தால், மீதியை நகரப் போக்குவரத்து இலாகாவும் நீங்கள் வசிக்கும் வட்டாரத்தின் சபையும் கொடுத்துவிடும். 2000-ம் வருஷத்திலிருந்து லண்டனின் கறுப்பு டாக்சிகள் எல்லாமே சக்கர நாற்காலி ஏறத் தக்கவை. சொகுசான பிரயாணம்தான். ஆனால் வருஷத்துக்கு எத்தனை சவாரி என்பதை ஒவ்வொரு வட்டாரச் சபையும் தானே தீர்மானிக்கிறது. கையில் பணம் இறுகினால் சவாரி சுருங்கலாம். தெருவின் இந்தப் பக்கம் ஒரு சபை, அந்தப் பக்கம் ஒரு சபை என்றால், எதிர் வீட்டுக்காரருக்குக் கிடைப்பது உங்களுக்குக் கிடைக்காமல் போகலாம்.

நியூயார்க் வண்டி மட்டும் சொர்க்கம் என்று நினைத்துவிடாதீர்கள். 'அக்செஸ்-ஏ-ரைடு' என்ற பெயரையே 'ஸ்ட்ரெஸ்-ஏ-ரைடு', அதாவது 'சங்கட வண்டி' என்று திரித்துப் பரிகாசம் செய்கிறார்கள் அதில் போகிறவர்கள். குறித்த வேளைக்கு அரைமணி பிந்தி வந்தாலும் அது தாமதக் கணக்கில் சேராது. ஆனால் வந்த பிறகு உங்களுக்காக ஐந்து நிமிஷம்தான் நிற்கும்! வழியில் யார் யாரையோ ஏற்றி இறக்கி, ஊரைச் சுற்றிக் கொண்டு போய்ச் சேரும். நினைத்த உடனே டாக்சியைக் கூப்பிட்டுக் கொள்ளும் முறையை 2017-ல் சிலருக்குப் பரீட்சையாகக் கொடுத்துப் பார்த்தார்கள். கிடைத்தவர்கள் கொண்டாடினார்கள், கிடைக்காதவர்கள் "எங்களுக்கு எப்போது?" என்று கேட்டார்கள்.

இந்த இரண்டு ஊர்க் கதைகளிலிருந்தும் ஒன்று தெரிகிறது. வண்டி நல்லதாக இருந்தால் போதாது. பணம் கொடுக்க மனம் இருந்தாலும் போதாது. மனம் மாறும், சபை மாறும், கஜானா வற்றும். 'கொடுத்தே ஆக வேண்டும்' என்று எழுதி வைத்திருந்தால்தான், கஷ்ட காலத்திலும் வண்டி வாசலுக்கு வரும்.

அடுத்த தடவை வீட்டுக்குக் கல்யாணப் பத்திரிகை வரும்போது பாட்டியின் முகத்தைப் பாருங்கள். "நீங்கள் எல்லாரும் போய்விட்டு வாருங்கள். நான் வீட்டைப் பார்த்துக் கொள்கிறேன்" என்பாள். நாமும் சரி என்று பட்டுப் புடவையும் மல்லிகைப் பூவுமாகக் கிளம்பி விடுகிறோம்.

அவளுக்கு வீட்டைப் பார்த்துக் கொள்வதில்தான் ஆசை என்றா நினைக்கிறீர்கள்?