தானே நீதிபதியாதல்

சட்டத்திற்குத் தப்பிய கொடியவனைத் தனியொருவன் கொல்லுமிடத்தில், துப்பறியும் கதைகளை வாசிப்போர் மனம் பூரிக்கின்றது. நாமும் அதற்கு விலக்கல்லேம். அமெரிக்கராகிய பிரையன் கார்ஃபீல்டு 1972-ல் வெளியிட்ட 'டெத் விஷ்' என்னும் நாவல் இம்மகிழ்ச்சியையே சோதிக்கின்றது.

நியூயார்க் நகரத்துக் கணக்கர் பால் பெஞ்சமின் என்பவரின் வீட்டிற் கயவர் சிலர் புகுந்து, அவர் மனைவியை அடித்துக் கொன்று, மகளைச் சித்தங்கலங்கச் செய்கின்றனர். போலீசார் அவர்களைப் பிடித்தாரில்லை. பெஞ்சமின் துப்பாக்கி ஏந்தி இரவில் உலாவி, வழிப்பறிக்காரரையும் திருடரையும் சுட்டு வீழ்த்துகின்றார். ஆனால் மனைவியைக் கொன்றவரை அவர் கடைசிவரை கண்டாரில்லை! மாண்டவர் அனைவரும் வேறு மனிதர். 'இக்குற்றத்தைச் செய்தவன் இவன்தானா?' என்பதன்றோ நியாயஸ்தலத்தின் முதற்கேள்வி? பெஞ்சமினுக்கு அக்கேள்வியே எழவில்லை. வாசிக்கும் நமக்கும் எளிதில் எழுவதில்லை.

1974-ல் சார்லஸ் பிரான்சன் நடிக்க இக்கதை படமாயிற்று. கொட்டகைகளிற் கரகோஷம் எழுந்தது. (நாமும் படத்தைக் கண்டு கைதட்டினவரே, நாவலை வாசித்தது பிற்பாடு.) தாம் எச்சரிக்கையாக வரைந்தவனை வீரனாக்கிவிட்டனரே என்று ஆசிரியர் மனம் நொந்து, 1975-ல் 'டெத் சென்டென்ஸ்' என்னும் மறுப்பு நாவலை எழுதினார். படமோ 1994-க்குள் மேலும் நான்கு பாகங்களாக வளர்ந்தது.