என் மருமகனின் கைத்துவக்கு

2024 ஆம் ஆண்டு ஆவணி விடுமுறையை, அமெரிக்காவிலே பென்சில்வேனியா மாநிலத்துச் சிற்றூரொன்றில் வாழும் என் தங்கை வீட்டிற் கழித்தேன். புறப்படுவதற்கு முதல் நாள் தொலைபேசியில் அவள் எனக்கொரு பணி இட்டிருந்தாள். “அண்ணா, நீங்கள் சொன்னால் அவன் கேட்பான். அந்தச் சாமானை வித்துப்போடச் சொல்லுங்கோ” என்றாள். அவன் என்பது அவளுடைய மகன். சாமான் என்று பெயர் சொல்ல அஞ்சி அவள் குறித்தது ஒரு கைத்துவக்கு.

துவக்கு என்பது நம் ஊர் வழக்கு. துப்பாக்கி என்பதும் அதுவும் துருக்கி மொழிச் சொல்லொன்றின் வழி வந்தவை என்பர். சிங்கள மக்களும் துவக்குவ என்றே வழங்குவர். தமிழிலே அச்சொல்லுக்குத் தொடங்கு என்னும் ஏவற்பொருளும் உண்டாதலால், ஒலி ஒற்றுமையால் நேர்ந்த அவ்விரு பொருளையும் வகுப்பிலே வேடிக்கையாகச் சொல்லி மாணவரைச் சிரிக்க வைத்ததுண்டு. ஒரு காலத்துக்குப் பின் அந்த வேடிக்கையை நான் விட்டுவிட்டேன். 1990களின் தொடக்கத்தில் ஆசிரியப் பணியில் அமர்ந்தவன் நான். வரவேட்டிலே பெயரை அழைத்தால் விடை வராத இருக்கைகள் அக்காலத்தில் எத்தனை என்பதை என் வயதொத்த ஆசிரியர்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. என் தங்கை 1996 இல் இரண்டு வயதுக் குழந்தையை இடுப்பில் ஏந்திக்கொண்டு இந்நாட்டை விட்டகன்றதும் துவக்கின் ஒலி அவன் செவியில் விழலாகாது என்பதற்காகவே. அக்குழந்தை முப்பது வயது இளைஞனாய், இயந்திரத் தொழிற்சாலையிற் பணியாற்றி ஈட்டிய பொருளில் ஒன்றை விலைகொடுத்து வாங்கி வீட்டிற்குக் கொணர்ந்தால் தாய்நெஞ்சு என்ன பாடுபடும்!

நான் சென்ற மூன்றாம் நாள் மாலை அதனைக் கண்டேன். சமையலறை மேசையிலே பழைய செய்தித்தாளை விரித்து, அதன்மேல் அதைக் கழற்றிப் பரப்பி வைத்திருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து, “மாமா, பாருங்கோ, ஆனால் கையிலை எடுக்காதேங்கோ” என்றான். என் வெறுப்பை அறிந்து சொல்கிறான் போலும் என்றெண்ணினேன். அதுவன்று. பார்வையாளர் விசாவிற் சென்ற பிறநாட்டான், வேட்டை உரிமச்சீட்டு முதலிய சில விலக்குகள் இருந்தாலன்றி, அந்நாட்டிலே சுடுகருவியைத் தன்வசம் வைத்திருக்கலாகாது என்பது கூட்டாட்சிச் சட்டம். அவன் அந்நாட்டுக் குடிமகன். அவனுக்கு உரிமை உண்டு. எனக்கு வில்லங்கம் எதுவும் வந்துவிடக்கூடாதென்று அவ்வளவு கவனமாய் இருந்தான். ஆகவே இக்கட்டுரையில் நான் எழுதுவன யாவும் கண்ணால் அறிந்தனவே. கையால் அறிந்தன அல்ல.

அதனை அவன் அயல்வீட்டு முதியவரொருவரிடம் இருநூறு டொலருக்கு வாங்கினானாம். அம்மாநிலத்திலே கைத்துவக்கு கைமாறுவதாயின், இருவர் பேசிப் பணம் கொடுத்து வாங்கிவிட முடியாது. பெற்றார் பிள்ளைகள் போன்ற நெருங்கிய உறவினருக்கிடையேயன்றி, உரிமம் பெற்ற வணிகரிடமோ மாவட்ட ஷெரிப்பிடமோ சென்று, படிவம் நிரப்பி, வாங்குபவன் குற்றவாளி அல்லன் என்பது ஆராயப்பட்ட பின்னரே கொள்ளவியலும். இவனும் அவ்வாறே கொண்டான்.

அதன் வரலாற்றை அவனே சொன்னான். கேட்கக் கேட்க எனக்கும் ஆர்வம் மிகுந்ததை மறைக்கப் போவதில்லை. ரூகர் ஸ்டாண்டர்ட் என்பது அதன் பெயர். வில்லியம் ரூகர் என்பவர் தச்சருக்கான கைக்கருவிகள் செய்யும் தொழிலில் இறங்கி நட்டப்பட்டவர். இரண்டாம் உலகப் போரிலிருந்து மீண்ட படைவீரன் ஒருவனிடம் அவருக்கு ஜப்பானியக் கைத்துவக்கொன்று கிடைத்திருந்தது. அதை ஆக்கிய படைத்தலைவரின் பெயரால் அது நம்பு எனப்படுவது. (தமிழாசிரியன் ஒருவன் இவ்விடத்தில் நகையாமல் இருத்தல் அரிது. ஒன்று துவக்கு என்கிறது. மற்றொன்று நம்பு என்கிறது!) ரூகர் தம் வீட்டுக் கொட்டகையில் அதைப் போலச் செய்து பார்த்துப் பழகினார். பின்னர் அலெக்சாந்தர் ஸ்டேர்ம் என்னும் இளம் ஓவியர் ஐம்பதினாயிரம் டொலர் முதலீடு செய்ய, 1949 இல் கனெக்டிகட் மாநிலத்துச் சவுத்போட் என்னும் ஊரிலே, புகையிரத நிலையத்துக்கு அண்மையில், சிவப்பு மரக்கட்டடமொன்றிற் பட்டறை தொடங்கினர். சிறியதும் மலிவானதுமாகிய 0.22 அங்குலத் தோட்டாவைச் சுடும் இக்கருவியே அவர்களுடைய முதற் படைப்பு. விலை 37 டொலர் 50 சதம். அக்காலத்துப் பேர்பெற்ற கோல்ட் நிறுவனத்தின் வூட்ஸ்மன் இதனினும் விலை கூடியது.

மலிவுக்குக் காரணம் யாதென்று கேட்டேன். அவன் கைப்பிடிச் சட்டத்தைத் தூக்கி வெளிச்சத்திற் காட்டினான். பிறர் உருக்குக் கட்டியைக் கடைந்து செய்ததை, ரூகர் உருக்குத் தகட்டில் இரு பாதிகளாக அச்சிட்டு அழுத்தி, இரண்டையும் பொருத்தி ஒட்டிவிட்டார். புளியங்கோதின் இரு பாதிகளை மீண்டும் சேர்த்து வைத்தாற்போல இருந்தது. தட்டையான வில்களுக்கு மாற்றாகக் கம்பிச் சுருள்களை அமைத்தார். இவ்வளவே. மலிவாகச் செய்தது மட்டமாகச் செய்ததாகிவிடாது என்பதற்கு அந்தத் தகட்டுச் சட்டம் இன்றும் தேயாமல் இருப்பதே சான்று.

அரைத் தன்னியக்கம் என்பதன் பொருளையும் அன்றுதான் தெளிந்தேன். தோட்டா வெடிக்கும்போது எழும் தள்ளுவிசையே, குழாயினுள்ளே இருக்கும் உருளைத் தண்டைப் பின்னோக்கித் தள்ளும். வெற்றுக் கோது வெளியே தெறிக்கும். சுருள்வில் தண்டை மீண்டும் முன்னே உந்த, ரவைக்கூட்டிலிருந்து அடுத்த தோட்டா குழலேறும். ஆனால் விசையை ஒருமுறை இழுத்தால் ஒன்றே வெடிக்கும். அடுத்ததற்கு மனிதன் மீண்டும் விரலை அசைத்தாகவேண்டும். அந்த அரை மனிதனிடம் விடப்பட்டிருக்கிறது.

கழற்றியதை மீளப் பூட்டுவதுதான் அந்தக் கருவியின் பெரிய தொல்லை. உள்ளேயுள்ள சுத்தியலின் பின்னே ஒரு சிறு தண்டு தொங்குகிறது. அது உரிய குழியிற் சென்று அமராவிடின் மற்றெதுவும் அசையாது. மருமகன் பொறியியல் படித்தவன். எனினும் அன்று முக்கால் மணி நேரம் குனிந்தும் நிமிர்ந்தும், கவிழ்த்தும் குலுக்கியும் வியர்த்துப்போனான். வெண்பாவைச் சீர் பிரிப்பது எளிது. பிரித்ததைத் தளை தட்டாமற் சேர்ப்பதன்றோ கடினம் என்றேன். “வெண்பாவுக்குச் சுருள்வில் இல்லை மாமா” என்றான். இத்தொல்லை 2016 இல் வெளிவந்த நான்காம் வகையில், ஒரு பொத்தானை அழுத்தினாற் கழலும்படி அமைத்துத் தீர்க்கப்பட்டதாம். புதியதை வாங்கியிருக்கலாமே என்றதற்கு, “அதிலை எனக்கு என்ன வேலை இருக்கு?” என்று திருப்பிக் கேட்டான். அவ்விடையில்தான் அவன் மனம் எனக்கு விளங்கத் தொடங்கியது.

அவன் அதை வாங்கியது சுடுவதற்காக மட்டுமன்று, வேலை செய்வதற்காக. முன்குறியிலே ஒரு வெண்பொட்டு இட்டிருந்தான். பழைய விசையை நீக்கி, விரலுக்கு இதமான அலுமினிய விசையொன்றை வருவித்துப் பொருத்தியிருந்தான். எல்லாவற்றினும் மேலாக, தன் கையளவுக்கேற்ற கைப்பிடிப் பலகைகளை மரத்திற் செதுக்கிக்கொண்டிருந்தான். புயலில் விழுந்த கரிய வால்நட் மரமொன்றின் துண்டு அது. இரவு உணவுக்குப் பின் நாள்தோறும் ஒரு மணி நேரம், அரத்தால் ஒரு முறை, உப்புத்தாளால் இரு முறை, பின் கையிற் பிடித்துப் பார்த்தல், பின் மீண்டும் அரம். அவனுடைய பாட்டனார், என் தந்தை, ஓலைச்சுவடிக்குச் சட்டம் செதுக்கிய அதே பொறுமை. அவரை அவன் கண்டதில்லை.

பழைய கறுத்தக் கைப்பிடியின் இடப்புறத்தில் நாணயமளவில் ஒரு பதக்கம் இருந்தது. அதிலே ஒரு கழுகு. மரபுச் சின்னங்களில் ஈடுபாடுடையவராகிய ஸ்டேர்ம் வரைந்த சின்னம் அது. முதலிரண்டு ஆண்டுகள் அது செந்நிறமாய் இருந்தது. 1951 இல் ஸ்டேர்ம் இளமையிலேயே நோயுற்று இறந்தார். அதன் பின்னர் ரூகர் அக்கழுகைக் கறுப்பாக்கிவிட்டார்; நண்பனுக்குத் துக்கம் காத்தார். மருமகனின் கருவியில் இருந்தது கருங்கழுகு. அதனைப் பழைய பிடியினின்றும் மெல்லக் கழற்றி, புதிய மரத்திலே வட்டக்குழி அகழ்ந்து பதித்தான். “இதை மட்டும் மாத்தக் கூடாது” என்றான். கொல்லும் கருவியொன்றின் மேல் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக ஓர் இழவுக்குறி இருந்துவருகின்றது. செய்தவன் இழந்த ஒருவனுக்குரியது அது. அதனாற் பிறர் இழந்தவர்களுக்குக் குறி எங்கே என்ற வினா என் நாவரை வந்தது. கேட்கவில்லை.

ஒரு நாள் சுடுதிடலுக்கும் உடன் சென்றேன். பின்னேயிருந்த மரவாங்கிலில் காதுமூடி அணிந்து அமர்ந்திருந்தேன். சிறு தோட்டாவாதலின் ஓசையும் சிறிதே. உலர்ந்த சுள்ளி முறிவது போன்றது. ஆயினும் முதல் ஓசைக்கு என் உடல் தானாகவே தரையை நோக்கிக் குனிந்தது. பக்கத்திலிருந்த வெள்ளைக்கார மூதாட்டி என்னை வியந்து பார்த்தார். மருமகன் திரும்பிப் பார்த்தான். அதன் பிறகு அவன் இரண்டு ரவைக்கூடுகளோடு நிறுத்திக்கொண்டு, கருவியைப் பெட்டியில் வைத்துப் பூட்டினான். வழியெல்லாம் ஒன்றும் பேசவில்லை.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. நினைவு புறநானூற்றின் தொண்ணூற்றைந்தாம் பாட்டுக்குச் சென்றது. அதியமானின் தூதாய்ச் சென்ற ஒளவையாருக்குத் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைப் பெருமிதத்தோடு காட்டுகிறான். ஒளவையோ, இங்குள்ளவை மயிற்பீலியும் பூந்தொடையும் பெற்று நெய்ப்பூச்சில் மினுங்கிக்கொண்டு காவல்மிக்க மாளிகையில் இருக்கின்றன. எம் மன்னனுடையவையோ பகைவரைக் குத்தி முனை சிதைந்து கொல்லன் பட்டறையிற் கிடக்கின்றன என்கிறார். புகழ்வது போல் இகழ்ந்த அத்திறத்தை முப்பதாண்டுகளாக மாணவர்க்கு விரித்துரைத்திருக்கிறேன். தொண்டைமானைப் பார்த்து வகுப்பு முழுவதும் சிரிக்கும்; நானும் சிரிப்பேன். அந்த அமெரிக்க இரவில் முதன்முறையாக நான் தொண்டைமான் பக்கம் நின்றேன். முனை சிதைந்த படைக்கலங்களை நாம் கண்டுவிட்டோம். அவை போன வீடுகளையும் கண்டோம். பீலி சூட்டி, நெய் பூசி, பூட்டிய அறையில் ஒரு படைக்கலம் பயனின்றிக் கிடக்குமாயின், அதனினும் சிறந்த நிலை அதற்கு வேறென்ன உண்டு? ஒளவையின் கவித்திறம் பெரிதே. அதற்கு இன்றும் தலைவணங்குவேன். ஆனால் இனி அப்பாட்டை முன்போற் சிரித்துக்கொண்டு கற்பிக்க என்னால் இயலாது.

ஆயினும் பூட்டிய அறை என்றேனே, அதில்தான் என் தங்கையின் அச்சம் நியாயமாகிறது. அவ்வூர் நூலகத்திலே ஒரு பிற்பகல் இருந்து பார்த்தேன். 2021 ஆம் ஆண்டிலே அமெரிக்காவிற் சுடுகருவிகளால் இறந்தோர் 48,830 பேர். அவர்களுள் 26,328 பேர் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டவர்கள். கள்வனுக்கென்று வாங்கி வைத்த கருவி பெரும்பாலும் வீட்டாரையே நோக்குகிறது. அவ்வெண்களைத் தாளில் எழுதி மருமகன் முன் வைத்தேன். அவன் அரத்தைக் கீழே வைத்துவிட்டுப் படித்தான். “தெரியும் மாமா. எங்கடை தொழிற்சாலையிலையே ஒருத்தன்” என்றான், வாக்கியத்தை முடிக்கவில்லை.

விற்றுவிடு என்று நான் சொல்லவில்லை. தங்கை என்னை அதற்காகவே எதிர்பார்த்திருந்தாள் என்பதை மறக்கவில்லை. ஆனால் அந்தப் பலகைகளைச் செதுக்கிய இரவுகளைக் கண்ட பின் அச்சொல் வாயில் எழ மறுத்தது. வேறொன்று கேட்டேன். கருவி உன் இரும்புப் பெட்டியில் இருக்கட்டும்; தோட்டாக்களை வேறொரு பெட்டியில் இட்டுப் பூட்டி, அதன் திறப்பை அம்மாவிடம் கொடுத்துவிடு; திடலுக்குப் போகும் நாளில் அவளிடம் கேட்டு வாங்கு என்றேன். முப்பது வயது மகன் தாயிடம் திறப்புக் கேட்பதா என்று முகம் ஒரு கணம் சுருங்கியது. பின்பு எழுந்து மாடிக்குப் போனான்.

நான் புறப்படும் முன்னாள், கைப்பிடியின் வெற்றுப் பக்கத்திலே தமிழில் ஒரு சொல் பொறிக்க விரும்புவதாகவும், அதை நானே எழுதித் தரவேண்டும் என்றும் கேட்டான். அறம், வீரம், காவல் எனப் பல சொற்களைத் தாளில் எழுதிப் பார்த்தேன். ஒன்றும் பொருந்தவில்லை. மரத்தின் வரிகளே அழகாய் இருக்கின்றன, அதை அப்படியே விட்டுவிடு என்றேன். எண்ணெய் தடவி உலர வைத்தான்.

விமான நிலையத்துக்குக் காரில் ஏறுகையில் தங்கை தன் திறப்புக்கோவையை எடுத்துக் காட்டினாள். வீட்டுத் திறப்புக்கும் கார்த் திறப்புக்கும் இடையே சிறிய பித்தளைத் திறப்பொன்று புதிதாய்த் தொங்கியது. “வித்திருந்தால் நல்லது அண்ணா” என்றாள். பின், வழியில் உண்பதற்கென்று கட்டிய இடியப்பப் பொதியை என் மடியில் வைத்தாள்.