அரியக்குடி என்னும் பெயரும் நானூறு பைட்டுகளும்

திருவேங்கடமுடையான் சந்நிதியாலும், 1890-இல் அங்கே பிறந்த இராமாநுஜ ஐயங்காரின் சங்கீதத்தாலும் பிரசித்தி பெற்ற அரியக்குடியின் பெயரை நாம் ஆறு எழுத்துகளில் எழுதிவிடுகிறோம். ஆனால் ரகரம் வேறு, அதன் இகரக் குறி வேறு, ககரம் வேறு, அதன் புள்ளி வேறு என்று யூனிகோடு முறை வகுத்திருப்பதால், கம்ப்யூட்டருக்கு அது பத்துக் குறியீடுகளாகும். அந்தப் பத்தையும் நினைவகத்தில் எப்படி இருத்துவது என்பதைப் பொறுத்தே ஒரு புரோகிராமின் வேகமும் மந்தமும் அமைகின்றன.

இதை விளங்கிக்கொள்ள ஹாஸ்கெல் மொழியை எடுத்துக்கொள்வோம். 1990-இல் முதல் இலக்கணம் பெற்ற இந்தப் புரோகிராமிங் மொழி, கணித சாஸ்திரத்தின் சார்புகளைப் போலவே சார்புகளைக் கோத்துக் காரியம் முடிப்பது. ஒருமுறை உண்டாக்கிய மதிப்பை அதில் பின்னர் மாற்றுவதில்லை. சிறுசேரியிலுள்ள சென்னைக் கணிதவியல் கழகத்தில் மாணவர்களுக்குப் புரோகிராமிங் பாடம் இம்மொழியிலேயே போதிக்கப்படுகிறது. ஹாஸ்கெலின் ஆதி ஏற்பாட்டில் உரை என்பது எழுத்துகளின் சங்கிலி. ஒரே குடும்பத்தாரைத் தனித்தனி வீதிகளில் குடிவைத்து, அடுத்தவர் விலாசத்தை மட்டும் ஒவ்வொருவர் கையிலும் எழுதிக் கொடுத்ததற்கு ஒப்பானது அது. முதலெழுத்தை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை மறுபடி அதே சார்பிடம் ஒப்படைக்கும் அழகைக் கற்பிக்க இதைவிடச் சிறந்த அமைப்பு இல்லை என்பதே என் அபிப்பிராயம்.

ஆயினும் அதன் செலவு அதிகம். இன்றைய 64 பிட் யந்திரங்களில் ஒவ்வொரு கண்ணிக்கும் 24 பைட்டுகள், அதிலுள்ள எழுத்துக்குத் தனியே 16 பைட்டுகள். யூனிகோடின் முதல் 256 எழுத்துகளுக்கு மட்டும் ஆயத்தப் பிரதிகள் இருப்பதால், ஆங்கிலத்துக்கு அந்தப் பதினாறும் மிச்சமாகிறது. தமிழுக்கு அச்சலுகை இல்லை. ஆகவே அரியக்குடி என்ற ஒரு பெயருக்கே 400 பைட்டுகள் ஆகின்றன! காரைக்குடிக்கு அருகிலுள்ள கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் ஆயுள் முழுதும் சேகரித்து, இன்று சென்னையில் அவர் பெயரால் விளங்கும் நூலகம் போன்றதொரு களஞ்சியத்தின் நூல்களை இவ்வாறு நினைவகத்தில் ஏற்ற முற்பட்டால், எந்த யந்திரமும் திணறும்.

இதற்குப் பரிகாரமாக ஆக்ஸ்போர்டில் டாம் ஹார்ப்பர் தொடங்கி, பிரையன் ஓ'சல்லிவன் வளர்த்த டெக்ஸ்ட் என்னும் தொகுப்பு, எழுத்துகளை இடைவெளியின்றி ஒரே வரிசையில் அடுக்குகிறது. இடம் மிச்சமாவதோடு, அடுத்தடுத்துள்ள பைட்டுகளைப் பிராசஸர் ஒருசேர அள்ளிக்கொள்வதால், விலாசம் தேடி அலையும் தாமதமும் ஒழிகிறது; பயன் முடிந்த மதிப்புகளை நினைவகத்திலிருந்து அகற்றும் குப்பை நீக்கும் பொறியும் கண்ணி கண்ணியாகச் சோதிக்க வேண்டியதில்லை. மேலும், மதிப்பு மாறாது என்ற விரதமே இங்கே பெருந்துணையாகிறது: நீண்ட நூலிலிருந்து ஒரு வரியை வெட்டி எடுக்கையில் நகல் எடுக்காமல், எங்கே தொடக்கம், எவ்வளவு நீளம் என்று குறித்துக்கொண்டு, மூல வரிசையையே அச்சமின்றிப் பகிர்ந்துகொள்ளலாம். அந்த ஒரு வரி உயிரோடிருக்கும்வரை முழு நூலும் நினைவகத்தை விட்டு அகலாது என்பது இதன் மறுபக்கம். நெடுநாள் வைத்திருக்க வேண்டிய சிறு துண்டைத் தனியே நகலெடுத்துக்கொள்வதே உசிதம்.

2021 டிசம்பரில் வெளிவந்த டெக்ஸ்ட் தொகுப்பின் இரண்டாம் பதிப்பு, குறியீடுகளைப் பைட்டுகளாக எழுதும் யூ.டி.எஃப்-16 முறையைக் கைவிட்டு யூ.டி.எஃப்-8 முறையை ஏற்றது. அதனால் தமிழ்க் குறியீடு ஒன்றுக்கு இரண்டு பைட்டு மூன்றாயிற்று. அரியக்குடியின் எழுத்துகள் 20 பைட்டிலிருந்து 30-க்கு ஏறின. இது தமிழுக்கு நஷ்டமே எனினும், கோப்புகளும் இணையமும் பெரும்பாலும் யூ.டி.எஃப்-8-லேயே வருவதால், உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் செய்துவந்த உருமாற்றம் ஒழிந்ததை நான் பெரிதாக மதிக்கிறேன்.

வேகம் கிடைத்த பின்னும் தமிழர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அரியக்குடியின் நீளத்தைக் கேட்டால் இத்தொகுப்பு பத்து என்றே விடையளிக்கும். பெயரைத் திருப்பிப் போடச் சொன்னால் உயிர்க்குறிகள் தம் மெய்யைவிட்டுப் பிரிந்து முன்னே நிற்கும். ஆறு என்ற விடை வேண்டுவோர், குறிகளை அவற்றுக்குரிய எழுத்தோடு சேர்த்தே பிரிக்கும் டெக்ஸ்ட்-ஐ.சி.யூ. தொகுப்பை நாட வேண்டும். அந்த வேலைக்குப் பிடிக்கும் காலத்தையும் ஆங்கில உரையைக் கொண்டு அளக்காமல், தமிழ் நூல் ஒன்றைக் கொடுத்தே அளக்க வேண்டும்.