வாடகைக்கு இடம் உண்டு, ஆனால் யாருக்கு?

கல்முனைப் பஸாரில் ஒரு கடை காலியாகிறது என்று கேள்விப்பட்டுத் தரகருக்குத் தொலைபேசி எடுத்தால், அவர் முதலில் கேட்பது எவ்வளவு வாடகை தருவீர்கள் என்பதல்ல. ஆள் யார், எந்த ஊர் என்பதுதான். வீடு என்றால் எந்தச் சமூகம், குடும்பத்தோடு இருப்பவரா என்ற கேள்விகளும் சேர்ந்து கொள்ளும். கணவனைப் பிரிந்து பிள்ளைகளோடு வாழும் பெண், மாற்றலாகி வந்த தமிழ் ஆசிரியை, வெளியூரிலிருந்து வியாபாரம் செய்ய வந்த இளைஞர் ஆகியோர் இந்தக் கேள்விகளிலேயே கழிக்கப்பட்டு விடுகின்றனர். வாடகை கொடுக்க வசதி இருந்தும் பயனில்லை.

இதே கேள்வி நம்மை நோக்கி வந்த காலத்தை நாம் மறந்துவிட முடியாது. 2019 ஏப்ரல் 21 தாக்குதல்களுக்குப் பின்னர், தங்கொட்டுவ வாரச் சந்தையில் முஸ்லிம் வியாபாரிகள் கடை போடக் கூடாது என்று வென்னப்புவ பிரதேச சபையின் தலைவர் கடிதம் கொடுத்தார். அதைக் கேட்டு நாமெல்லாம் கொதித்தோம். கொதித்தது சரிதான். சட்டமும் அந்த இடத்தில் நம் பக்கமே நின்றது. அரசியலமைப்பின் 12ஆவது உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால், பிறந்த இடம் போன்ற காரணங்களால் பாரபட்சம் காட்டுவதைத் தடுக்கிறது. பிரதேச சபை ஓர் அரச நிறுவனம் என்பதால் 126ஆவது உறுப்புரையின் கீழ் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. ஆணைக்குழுவுக்குக் கல்முனையிலேயே பிராந்திய அலுவலகம் இருக்கிறது. மாநகர சபைக் கட்டிடத்திலோ பொதுச் சந்தையிலோ கடை ஒதுக்கும்போது அநீதி நடந்தால் இதுவே வழி.

ஆனால் தனியார் ஒருவர் தனது கடையையோ வீட்டையோ இன்னாருக்குத் தரமாட்டேன் என்றால் இந்த வழி அடைபட்டு விடுகிறது. அடிப்படை உரிமை வழக்கு அரச நிர்வாகத்தின் செயலுக்கு எதிரானது மட்டுமே.

உரிமையாளர்களின் பயத்துக்கும் காரணம் இல்லாமலில்லை. 2019 ஏப்ரல் 26 இரவு சாய்ந்தமருது வொலிவேரியன் கிராமத்தில் வாடகைக்கு எடுக்கப்பட்டிருந்த வீடொன்றில் நடந்ததையும், சிறுவர்கள் உட்பட 15 பேர் இறந்ததையும் இப்பகுதி மறக்காது. வருபவரின் அடையாள அட்டையையும் நிரந்தர முகவரியையும் கேட்பது நியாயமே. அதை எல்லோரிடமும் கேட்க வேண்டும். ஊராரிடம் கேட்காமல் வெளியூராரிடம் மட்டும் கேட்டால் அதன் பெயர் வேறு.

இன்னொரு பயம் பழையது. ஒருமுறை உள்ளே விட்டால் எழும்ப மாட்டார் என்பது. 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் வாடகையாளருக்குக் கொடுத்த பாதுகாப்பும், ஆண்டுக்கணக்கில் இழுபட்ட வழக்குகளும் இதற்குக் காரணம். அதே சட்டம் கீ மணி வாங்குவதையும், மூன்று மாத வாடகைக்கு மேல் முற்பணம் வாங்குவதையும் தடுத்தது. நம் பஸாரில் அதை யார் பார்த்தார்கள்! குறிப்பிட்ட ஆண்டுப் பெறுமதியைத் தாண்டிய வியாபார இடங்கள் அதற்குள் அடங்காது என்பதால் உங்கள் கடை எந்தப் பக்கம் என்பதைச் சட்டத்தரணியிடம் விசாரியுங்கள். 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டமோ குத்தகைக்குக் கொடுத்த இடத்தைச் சுருக்கமான நடைமுறையில் மீளப் பெற வழி செய்தது. ஆகவே முன்பின் தெரியாதவருக்குக் கொடுக்கத் தயங்க முன்பிருந்த அளவு காரணம் இப்போது இல்லை, எழுத்து ஒழுங்காக இருந்தால்.

அந்த எழுத்தில்தான் நாம் கோட்டை விடுகிறோம். 1840ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிஸ் முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு உறுதியாக எழுதப்பட வேண்டும். முத்திரை ஒட்டிய வெள்ளைத்தாளில் ஐந்து வருடம் என்று எழுதிக் கையொப்பம் வைத்தாலும் அது ஐந்து வருடக் குத்தகை ஆகாது. கடையை அலங்கரித்து, றாக்கை அடித்து, வாடிக்கையாளரைப் பிடித்த பிறகு வாடகையை இரட்டிப்பாக்கு, இல்லையேல் வெளியேறு என்று சொல்லும்போது அந்தத் தாள் காப்பாற்றாது. கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி அல்பகறா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் விரிவாகச் சொல்லியிருந்தும், எழுதக் கேட்டால் நம்பிக்கையில்லையா என்று முகம் சுளிப்பவர்கள் நம்மிடையேதான் இருக்கின்றனர்.

நமது பகுதிக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. இங்கு வீடுகள் பெரும்பாலும் சீதனமாக மகளின் பெயரில் எழுதப்பட்டவை. பேசுவதும் பணம் வாங்குவதும் கணவர். உறுதி மனைவியின் பெயரில் இருக்க, அற்றோணித் தத்துவம் இல்லாமல் கணவர் மட்டும் ஒப்பமிட்ட குத்தகை அவரைக் கட்டுப்படுத்தாது. எனவே முற்பணம் கொடுக்கு முன் உறுதியின் பிரதியைக் கேட்டுப் பாருங்கள். எழுதிய குத்தகையைக் காணிப் பதிவகத்தில் பதியவும் வேண்டும். பதியாவிட்டால், பின்னர் அந்த இடத்தை விலைக்கு வாங்கி முதலில் பதிந்தவரின் உறுதி முந்திவிடக்கூடும்.

வாடகை எப்போது, எத்தனை வீதம் கூடும், முற்பணம் எத்தனை நாளில் திரும்பும், கூரை ஒழுகினால் யார் செலவு, வெளியேற எத்தனை மாத அறிவித்தல் என்பவற்றை உறுதியிலேயே எழுதிக் கொள்ளுங்கள். மாத வாடகைக்குப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். தர மறுத்தால் வங்கிக் கணக்கில் வைப்பிலிட்டுச் சீட்டை வைத்துக் கொள்ளுங்கள். பிணக்கு வந்தால் நீதிமன்றப் படி ஏறுமுன் மத்தியஸ்த சபைக்குப் போகலாம். அங்கும் முதலில் கேட்பது அந்தச் சீட்டுக்களைத்தான்.