காற்றிலிருந்து வரும் பசளை: நியூசிலாந்து மேய்ச்சல் தரைகளின் நைதரசன் கணக்கு

இலங்கையில் தேநீரில் கலக்கப்படும் பால்மாவில் பெரும்பகுதி நியூசிலாந்திலிருந்து இறக்குமதியாகிறது. அந்தப் பாலைத் தரும் பசுக்களின் முக்கிய உணவு, திறந்த வெளியில் மேயும் புல். புல் செழிக்க நைதரசன் வேண்டும். கடந்த நூற்றாண்டின் பெரும்பகுதியில் நியூசிலாந்து விவசாயிகள் அதற்காக யூரியாவை அதிகம் நம்பியிருக்கவில்லை. புல்லோடு கலந்து வளரும் வெள்ளைக் குளோவர் என்ற சிறு செடியும் அதன் வேருக்குள் வாழும் பற்றீரியாவும் அந்த வேலையைச் செய்தன.

1990களிலிருந்து நிலைமை மாறியது. பால் உற்பத்தி பெருக, யூரியாவின் பாவனையும் வேகமாக உயர்ந்தது. ஆறுகளிலும் நிலத்தடி நீரிலும் நைத்திரேற்றுக் கூடியதால், மேய்ச்சல் நிலத்தில் ஒரு ஹெக்டேயருக்கு ஆண்டொன்றுக்கு 190 கிலோ செயற்கை நைதரசனுக்கு மேல் இடக்கூடாது என்ற விதி 2021 ஜூலை 1 ஆம் திகதி அங்கே நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு மே மாதத்தில்தான் இலங்கை இரசாயனப் பசளை இறக்குமதியை முற்றாகத் தடைசெய்தது. ஒரே ஆண்டில் இரு தீவுகள் நைதரசன் பற்றி எடுத்த இரு முடிவுகள் இவை. இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு விளங்க வேண்டுமானால், அந்தப் பற்றீரியா எப்படி வேலை செய்கிறது என்பதை அறிய வேண்டும்.

காற்றில் உண்டு, பயிருக்கு எட்டாது

வளிமண்டலத்தில் 78 சதவீதம் நைதரசன். ஒரு ஹெக்டேயர் நிலத்துக்கு மேலுள்ள காற்றில் மட்டும் ஏறத்தாழ 75,000 தொன் இருக்கிறது. ஆனாலும் அதில் ஒரு கிராமைக்கூடப் புல்லோ நெல்லோ நேரடியாக எடுக்க முடியாது. நைதரசன் மூலக்கூறின் இரண்டு அணுக்களும் மும்மைப் பிணைப்பால் இறுகப் பிணைந்திருப்பதே காரணம்.

அந்தப் பிணைப்பை உடைத்து அமோனியா தயாரிக்கும் வழியை ஜேர்மனிய வேதியியலாளர் ஃபிரிட்ஸ் ஹேபர் 1909 இல் காட்டினார். 1913 இல் அது தொழிற்சாலை உற்பத்தியாகியது. இன்றைய யூரியாவுக்கும் அதுவே அடிப்படை. அதற்கு 400 பாகை செல்சியஸ் அளவிலான வெப்பமும், வளிமண்டல அமுக்கத்தைப் போல் நூறு மடங்குக்கு மேற்பட்ட அமுக்கமும், பெருமளவு இயற்கை எரிவாயுவும் தேவை. எரிவாயு விலை ஏறினால் யூரியா விலையும் ஏறுவது இதனால்தான்.

றைசோபியம் வகைப் பற்றீரியாக்கள் அதே வேலையை மண்ணின் சாதாரண வெப்பத்தில் செய்கின்றன. அவற்றிடமுள்ள நைதரசனேசு என்ற நொதியம் நைதரசனை அமோனியாவாக மாற்றுகிறது. அவரைக் குடும்பப் பயிர்கள் மண்ணை வளப்படுத்தும் என்பதை விவசாயிகள் பல நூற்றாண்டுகளாக அறிந்திருந்தார்கள். அதற்குக் காரணம் வேர்ச் சிறுகணுக்களில் வாழும் நுண்ணுயிர்களே என்று 1886 இல் ஹெல்ரீகல், வில்ஃபார்த் என்ற ஜேர்மனிய ஆய்வாளர்கள் நிறுவினார்கள். 1888 இல் ஒல்லாந்து அறிஞர் பெயரிங்க் அந்தப் பற்றீரியாவைப் பிரித்தெடுத்து வளர்த்துக் காட்டினார்.

கொடுக்கல் வாங்கல்

நைதரசன் பற்றாக்குறையை உணரும் குளோவர் செடி, வேரிலிருந்து சில இரசாயனங்களைக் கசியவிடுகிறது. மண்ணிலுள்ள பொருத்தமான றைசோபியம் அதை உணர்ந்து, தன் பங்குக்கு ஒரு சமிக்ஞையை அனுப்புகிறது. உடனே வேர்மயிர் சுருண்டு பற்றீரியாவைச் சூழ்ந்து உள்ளே எடுக்கிறது. அந்த இடத்தில் ஒரு சிறுகணு உருவாகிறது.

சிறுகணுவுக்குள் ஒரு சிக்கல் உண்டு. பற்றீரியா சுவாசிக்க ஒட்சிசன் வேண்டும். ஆனால் ஒட்சிசன் பட்டால் நைதரசனேசு செயலிழந்துவிடும். எனவே நம் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை ஒத்த ஒரு புரதத்தைச் செடி அங்கே உருவாக்குகிறது. அது ஒட்சிசனைப் பிடித்துவைத்து, வேண்டிய அளவு மட்டும் கொடுக்கிறது. நன்றாக வேலை செய்யும் சிறுகணுவை வெட்டினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருப்பது இந்தப் புரதத்தால்தான்.

இந்த நைதரசனுக்குச் செடி விலை கொடுக்கிறது. ஒளித்தொகுப்பில் உருவாக்கிய சீனியில் கணிசமான பங்கைப் பற்றீரியாவுக்குத் தர வேண்டியிருக்கிறது. ஆகவே மண்ணில் நைதரசன் தாராளமாகக் கிடைத்தால் செடி செலவைக் குறைத்துக்கொள்கிறது. சிறுகணுக்கள் குறையும், இருப்பவையும் மந்தமாகும்.

நல்ல மேய்ச்சல் தரையில் குளோவர் ஆண்டுக்கு ஹெக்டேயருக்கு 100 முதல் 200 கிலோ நைதரசன் வரை நிலைப்படுத்தக்கூடும். அதில் மிகச் சிறு பங்கே உயிருள்ள குளோவரிலிருந்து நேரே புல்லுக்குப் போகிறது. பழைய வேர்களும் சிறுகணுக்களும் உக்கும்போதும், குளோவரைத் தின்ற பசு சாணமும் சிறுநீரும் கழிக்கும்போதும்தான் பெரும்பங்கு மண்ணுக்குத் திரும்புகிறது. இதற்கு மாதங்களும் ஆண்டுகளும் ஆகும். யூரியா போல் சில நாட்களில் பலன் தெரியாது.

குழம்பும் இடங்கள்

எந்தப் பற்றீரியாவும் எந்தச் செடிக்கும் பொருந்தாது. குளோவருக்கு ஒரு வகை, சோயாவுக்கு வேறு வகை. நியூசிலாந்துக்குக் குளோவர் ஐரோப்பியக் குடியேறிகளுடன் வந்தது. அதற்குரிய பற்றீரியாவும் வெளியிலிருந்து வந்ததே. மண் அதிக அமிலமாக இருந்தாலும், நைதரசனேசு நொதியத்துக்குத் தேவையான மொலிப்டினம் குறைந்தாலும் வேலை நடக்காது. மொலிப்டினம் குறைந்த மண்ணில் மிகச் சிறிய அளவு இட்டாலே குளோவர் தழைப்பதை 1940களில் தென் அவுஸ்திரேலிய ஆய்வுகள் காட்டின.

பூச்சிகளும் உண்டு. குளோவர் வேர்வண்டு 1996 இல் நியூசிலாந்தில் கண்டறியப்பட்டது. அதன் புழுக்கள் சிறுகணுக்களையே தின்கின்றன. குளோவர் அழிந்த பண்ணைகள் யூரியாவை நாடின. 2006 இல் அயர்லாந்திலிருந்து கொண்டுவந்த ஒட்டுண்ணிக் குளவி விடப்பட்ட பின்பே வண்டு கட்டுக்குள் வரத் தொடங்கியது.

யூரியாவும் குளோவரை இரண்டு விதத்தில் பாதிக்கிறது. பற்றீரியாவின் வேலை குறைகிறது. அத்துடன், வேகமாக உயரும் புல் நிழல் கவித்துக் குளோவரை ஒடுக்குகிறது. குளோவர் ஒடுங்கினால் அடுத்த ஆண்டு இன்னும் அதிக யூரியா வேண்டும். பையிலிருந்து 100 கிலோ நைதரசன் இட்டால் நிலத்துக்கு 100 கிலோ கூடுவதில்லை. பற்றீரியா கைவிட்ட பங்கை அதிலிருந்து கழிக்க வேண்டும்.

குளோவரைக் குற்றமற்றதாகக் காட்டுவதும் சரியல்ல. பசு சிறுநீர் கழிக்கும் சிறு இடத்தில், ஒரு ஹெக்டேயருக்குப் பல நூறு கிலோ என்ற அளவுக்கு நைதரசன் குவிகிறது. மழை அதை நீரோடு கொண்டுபோகும்போது, அது பையிலிருந்து வந்ததா பற்றீரியாவிலிருந்து வந்ததா என்று ஆறு பார்ப்பதில்லை. தனிக் குளோவரை மேயும் மாட்டுக்கு வயிறு உப்பி உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், புல்லோடு கலந்தே அதை வளர்க்கிறார்கள்.

உச்சவரம்பும் தடையும்

190 கிலோ நைதரசன் என்பது ஏறத்தாழ 413 கிலோ யூரியா. இறுக்கமான எல்லை என்று இதைச் சொல்ல முடியாது. அதைவிடக் குறைவாக இட்டு வந்த பண்ணைகள் பல. ஆனால் ஓர் உச்சவரம்பு, குளோவரை மீண்டும் விதைத்து, மண்ணைத் திருத்தி, கணக்கைப் படிப்படியாக மாற்ற விவசாயிக்கு நேரம் தருகிறது.

இலங்கையில் அந்த நேரம் கொடுக்கப்படவில்லை. பல தசாப்தங்களாக யூரியாவுக்குப் பழகிய வயல்களில், அதன் இடத்தை நிரப்பப் பற்றீரியாவும் இருக்கவில்லை, போதிய சேதனப் பசளையும் இருக்கவில்லை. 2021 நவம்பரில் தடை நீக்கப்பட்டபோது பெரும்போகம் தொடங்கியிருந்தது. நெல் விளைச்சல் சரிந்து, அரிசி இறக்குமதி செய்யும் நிலை வந்தது. சேதன விவசாயம் என்ற எண்ணத்தையே பலர் வெறுக்கத் தொடங்கியது இன்னொரு இழப்பு.

குளோவர் குளிர்நாட்டுச் செடி. நம் வரண்ட வலயத்துக்கு அது பொருந்தாது. அதே வேலையைச் செய்யும் தாவரங்கள் இங்கே நிறையவே உண்டு: வேலியில் நிற்கும் சீமைக்கிளுவை, இப்பிலிப்பில், அகத்தி, நெல்லுக்குப் பின் விதைக்கும் பயறு, உளுந்து, கௌபி. இவற்றின் இலைகுழை மாட்டுக்குத் தீவனமாகவோ மண்ணுக்குப் பசுந்தாட் பசளையாகவோ போகும்போது, காற்றிலிருந்து வந்த நைதரசனும் கூடப் போகிறது. யூரியாவை ஒரே போகத்தில் நிறுத்த இவை உதவா. ஆண்டுக்கு ஆண்டு குறைக்க உதவும்.

உங்கள் நிலத்தில் பற்றீரியா வேலை செய்கிறதா என்பதை அறிய ஆய்வுகூடம் தேவையில்லை. பயறு பூக்கும் பருவத்தில் ஒரு செடியை இழுக்காமல், மண்ணோடு தோண்டி எடுங்கள். இழுத்தால் சிறுகணுக்கள் மண்ணில் நின்றுவிடும். வேரை மெதுவாகக் கழுவி, சில சிறுகணுக்களை நகத்தால் வெட்டிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பு என்றால் வேலை நடக்கிறது. வெளிறியோ பச்சையாகவோ இருந்தால், அல்லது சிறுகணுவே இல்லாவிட்டால், பொருத்தமான பற்றீரியா இல்லை, மண் ஒத்துழைக்கவில்லை, அல்லது ஏற்கெனவே யூரியா அதிகம் என்று பொருள். அடுத்த போகத்துக்குப் பை வாங்குவதற்கு முன் அதைத் தெரிந்துகொள்வது நல்லது.